தெருவுக்கு வந்த தொப்பை



2020 ஜூன் 1 அன்று பெய்ஜிங் மாநகரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'நாகரிக நடத்தை ஊக்குவிப்பு விதிமுறை' என்பது அதன் பெயர். கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து, மக்கள் மெல்ல வெளியே வரத் தொடங்கியிருந்த நேரம். இருமும்போது வாயை மூட வேண்டும், கண்ட இடத்தில் எச்சில் துப்பக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருந்ததில் வியப்பில்லை. அந்தப் பட்டியலுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. பொது இடத்தில் மரியாதையாக உடுத்த வேண்டும், மேலுடம்பைத் திறந்து போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

சுமார் 2.19 கோடிப் பேர் வாழும் தலைநகரம் அது. விண்வெளிக்கு ஆள் அனுப்பும் நாட்டின் அரசு, குடிமகனின் சட்டையைப் பற்றிச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? யாரை மனத்தில் வைத்து அந்த வரி எழுதப்பட்டது? பெய்ஜிங்வாசிகள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். அவர் பெயர் 'பாங் யே'.

ஜூலை மாத மாலையில் பழைய பெய்ஜிங்கின் சந்துகளுக்குள் போனவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். ஐம்பது, அறுபது வயதிருக்கும். இடுப்பில் முழங்கால் வரை தொங்கும் அரைக்கால் சட்டை, காலில் துணிச் செருப்பு, ஒரு கையில் பனையோலை விசிறி. மேலே ஒன்றும் கிடையாது. உட்காருவதற்குக் கையளவு முக்காலி ஒன்றை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்திருப்பார். எதிரே சீனச் சதுரங்கப் பலகை. அதைச் சுற்றி, ஆட்டக்காரர்களைவிட அதிகமாக யோசனை சொல்லும் பார்வையாளர்கள். அவர்களும் பெரும்பாலும் அதே கோலம். பக்கத்தில் ஆட்டுக்கறியைக் கம்பியில் குத்திச் சுடும் கடை, குளிர்ந்த பீர் பாட்டில்கள்.

இவருக்கு ஒரு தம்பியும் உண்டு. அவர் சட்டையைக் கழற்றுவதில்லை. பனியனின் விளிம்பைச் சுருட்டி நெஞ்சு வரை ஏற்றிவிட்டு, தொப்பையை மட்டும் காற்றாட விடுவார். சட்டை போட்டிருக்கிறாரா என்று கேட்டால் போட்டிருக்கிறார். போடவில்லையா என்று கேட்டால் அதுவும் சரிதான். இந்தக் கோலத்துக்குப் பெய்ஜிங்கில் வாழ்ந்த வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர் 'பெய்ஜிங் பிகினி'. கேலியாகப் பிறந்த அந்தப் பெயர் பிறகு உலகப் பத்திரிகைகளுக்கெல்லாம் பரவியது.

உள்ளூர்ப் பெயரில் இருக்கும் குறும்பு வேறு வகை. 'பாங்' என்றால் தோளும் மேற்கையும் சேர்ந்த பகுதி. 'யே' என்பது தாத்தாவையும் குறிக்கும், பெரிய மனிதர்களை மரியாதையாகக் கூப்பிடவும் உதவும். மன்னராட்சிக் காலத்தில் பிரபுக்களுக்கு உரியதாயிருந்த அந்த விகுதியை, 1980களிலும் 90களிலும் பெய்ஜிங் தெருக்கள் தாராளமாக எல்லோருக்கும் வழங்கின. அரசு விலைக்கு வாங்கிச் சந்தை விலைக்கு விற்றுக் காசு பார்த்த தரகர் 'தாவ் யே'. திடீர்ப் பணக்காரர் 'குவான் யே'. நாள் முழுக்க வாய்ப்பந்தல் போடுபவர் 'கான் யே'. மூன்று சக்கரப் பலகை வண்டி மிதிப்பவர் 'பார் யே'. சந்தைப் பொருளாதாரம் புதிதாக உண்டாக்கிய மனிதர்களை ஊர் இப்படி ஒவ்வொருவராக அடையாளம் கண்டு, பாதி மரியாதையும் பாதி நக்கலுமாகப் பெயர் சூட்டியது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான் நம் பாங் யே. திட்டுவதற்காக வைத்த பெயராக அது ஒலிப்பதில்லை. 'இந்தப் பெரிசை ஒன்றும் செய்ய முடியாது' என்ற சலிப்பும் செல்லமும் அதில் கலந்திருக்கின்றன.

அவர் ஏன் சட்டையைக் கழற்றுகிறார்? முதலில் வெயிலைப் பார்ப்போம். சீன நாட்காட்டியில் 'சான் ஃபூ' என்று ஒரு பருவம் உண்டு. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை 30 அல்லது 40 நாள் நீளும் புழுக்கக் காலம். பெய்ஜிங்கின் ஜூன் மாத வெயில் காய்ந்த வெயில். ஜூலை பிறந்ததும் மழைக்காற்றோடு ஈரப்பதம் ஏறி, உடம்பு கசகசக்கத் தொடங்கும். யாங்சி ஆற்றங்கரை நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். சோங்சிங், வூஹான், நான்ஜிங் மூன்றையும் 'மூன்று உலைகள்' என்றே சீனர்கள் அழைத்து வந்தார்கள். வூஹானில் 1990கள் வரை கோடை இரவுகளில் குடும்பங்கள் மூங்கில் கட்டிலைத் தெருவுக்குத் தூக்கி வந்து, வரிசையாகப் போட்டுத் தூங்கின. சோங்சிங்கில், ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்குத் தப்ப மலையைக் குடைந்து கட்டிய சுரங்கங்களை இன்றும் கோடையில் மக்கள் வெக்கை தணியத் திறந்துவிடுகிறார்கள்.

சட்டையைக் கழற்றினால் உண்மையிலேயே குளிருமா? நிழலில் உட்கார்ந்திருந்தால் குளிரும். வெக்கையில் உடம்பு வெப்பத்தை இழக்க முக்கியமான வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் உடம்பை விட்டுப் போகும். துணி, தோலுக்கு மேலே ஈரக் காற்றைத் தேக்கி வைத்து அதைத் தடுக்கிறது. விசிறி அந்தத் தேக்கத்தைக் கலைக்கிறது. தீக்காய மருத்துவர்கள் போடும் கணக்கின்படி நெஞ்சும் வயிறும் முதுகும் சேர்ந்தால் உடல் தோலில் 36 விழுக்காடு. ஆக, மரத்தடியில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் முழு பாங் யே அறிவியல்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறார். தொப்பையை மட்டும் திறக்கும் தம்பிக்குக் கிடைப்பது கால்வாசி லாபம். அதுவும் தோலுக்கடியில் கொழுப்பு மெத்தை உள்ள இடம். உச்சி வெயிலில் நடந்தாலோ இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே தளர்வான மெல்லிய துணிதான் காப்பு.

சீன மருத்துவம் தொப்பையைத் திறக்கச் சொல்கிறது, அதனால்தான் இந்தப் பழக்கம் என்று செய்தியாளர்கள் சிலர் எழுதுவதுண்டு. சீனப் பாட்டிகளைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். வயிற்றில் குளிர் இறங்கினால் கெடுதல் என்பது அங்கே வேரோடிய நம்பிக்கை. அதற்காகவே குழந்தைகளுக்கு 'தூதோ' என்ற வயிற்றுக் கச்சையைக் கட்டிவிடுவார்கள். நெஞ்சிலிருந்து தொப்புள் வரை மறைக்கும் சாய்சதுரத் துணி, கழுத்திலும் முதுகிலும் முடிச்சு. கோடையில் குழந்தை அம்மணமாகத் திரிந்தாலும் தொப்புள் மட்டும் மூடியிருக்கும். ஆகவே வெயிலும் மருத்துவமும் பாங் யேயைப் பாதிதான் விளக்குகின்றன. மீதிக்கு அவருடைய வீட்டுக்குள் போக வேண்டும்.

பெய்ஜிங்கின் பழைய வீடு நான்கு பக்கமும் அறைகளும் நடுவில் முற்றமும் கொண்டது. வசதியான ஒரே கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டியவை அவை. 1949க்குப் பிறகு தலைநகரின் மக்கள்தொகை பெருகப் பெருக, ஒரு வளவுக்குள் ஐந்து, பத்து குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 1976இல் பக்கத்து தாங்ஷான் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது பெய்ஜிங்கும் குலுங்கியது. மக்கள் முற்றங்களில் தற்காலிகக் கொட்டகைகள் போட்டார்கள். ஆபத்து நீங்கிய பின்பும் கொட்டகைகள் நீங்கவில்லை. செங்கல் ஏறி, சமையலறையாகவும் மகனின் படுக்கையறையாகவும் மாறின. முற்றம் காணாமல் போய், ஒருவர் நடக்கும் அகலத்தில் ஒரு வழி மட்டும் மிஞ்சியது. கழிப்பறை தெருவில், பொதுக் கழிப்பறை. குழாயடி பொது. இரவு உடையோடு தெருவைக் கடந்து கழிப்பறைக்குப் போய் வருவது அன்றாட வழக்கம்.

இப்படிப்பட்ட இடத்தில் வீடு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது? முற்றம் பறிபோன மனிதருக்குச் சந்துதான் முற்றம். சதுரங்கம் ஆடுவதும் பட்டாணி உரிப்பதும் பேரனைக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். தன் முற்றத்தில் யாரும் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதில்லை. பாங் யே பொது இடத்துக்கு வெற்றுடம்போடு வந்ததாக அவரே நினைப்பதில்லை. அவர் கணக்கில் அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

1990இல் சீன நகரங்களில் நூறு வீடுகளுக்கு ஒரு ஏசி கூடக் கிடையாது. 2000இல் அது சுமார் 31 ஆனது. 2010க்குள் நூறைத் தாண்டிவிட்டது. வெறும் வெப்பம்தான் காரணம் என்றால் அந்த இருபது ஆண்டுகளில் பாங் யே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. சந்துகளை இடித்துக் கட்டிய அடுக்ககங்களின் வாசலிலும், பாலத்தடி நிழலிலும், பூங்கா வாங்குகளிலும் அவர் வந்து உட்கார்ந்தார். ஏசி அறையில் சதுரங்கத்துக்கு ஆள் கிடைப்பதில்லை.

அவர் உடம்பைத் தொட்ட முதல் சட்டம் 2020இல் வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. கன்ஃபூசிய மரபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான 'லீ ஜி', அதாவது சடங்கு நூல், ஹான் காலத்தில் தொகுக்கப்பட்டது. நல்லொழுக்கமுள்ளவன் உழைத்துக் களைத்தாலும் மேலுடம்பைத் திறக்கலாகாது, எவ்வளவு வெக்கையானாலும் கீழாடையைத் தூக்கிக்கொள்ளலாகாது என்று அது விதிக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சட்டையைக் கழற்றியவர்களும் பனியனைச் சுருட்டியவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்க ஒருவரும் விதி எழுதுவதில்லை.

உடம்பைத் திறப்பது வெட்கம் என்று ஆனபோது, அந்த வெட்கத்தையே ஒருவர் தன் விருப்பப்படி பயன்படுத்தவும் முடிந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஜாவ் நாட்டுத் தளபதி லியன் போ, தன்னைவிட உயர்ந்த இடம் பெற்ற அமைச்சர் லின் சியாங்ருவைப் பழித்துத் திரிந்தார். அமைச்சர் ஒதுங்கிப் போனது கோழைத்தனத்தால் அல்ல, நாட்டின் நலனுக்காக என்று புரிந்த நாளில், கிழத் தளபதி மேலாடையைக் களைந்து, வெற்று முதுகில் முள்விறகைச் சுமந்து, அவர் வாசலில் போய் மன்னிப்புக் கேட்டார். வரலாற்றாசிரியர் சீமா சியென் பதிவு செய்த இந்த நிகழ்ச்சி இன்றும் சீனத்தில் 'மனமார மன்னிப்புக் கேட்பது' என்பதற்கான மரபுத்தொடராக வாழ்கிறது. வெற்றுடம்பு அங்கே சரணாகதி.

நான்காம் நூற்றாண்டில் அதே வெற்றுடம்பு மாப்பிள்ளை வேடம் போட்டது. சி ஜியென் என்ற உயரதிகாரி தம் மகளுக்கு வரன் தேடி, புகழ்பெற்ற வாங் குடும்பத்துக்கு ஆளனுப்பினார். செய்தி முன்பே கசிந்துவிட்டது. வீட்டு இளைஞர்கள் எல்லோரும் சீராக உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்தார்கள். ஒருவன் மட்டும் கிழக்குப் பக்கக் கட்டிலில் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு, யார் வந்தால் எனக்கென்ன என்று கிடந்தான். ஆள் திரும்பிப் போய்ச் சொன்னதும் சி ஜியென் அவனையே தேர்ந்தெடுத்தார். அவன்தான் வாங் சீஜி. பின்னாளில் சீன எழுத்துக்கலையின் ஞானி என்று போற்றப்பட்டவர். 'கிழக்குக் கட்டில்' என்றால் இன்றும் சீனத்தில் மருமகன் என்று பொருள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக அந்தத் தொப்பை கல்யாணப் பேச்சில் இடம் பிடித்திருக்கிறது.

அது, 'மூங்கில் தோப்பு அறிஞர்கள்' என்று அழைக்கப்பட்ட, சடங்குகளை மதிக்காத எழுத்தாளர் குழுவின் காலத்தை அடுத்த காலம். அவர்களுள் ஒருவரான லியூ லிங், குடித்துவிட்டு வீட்டில் அம்மணமாக இருப்பார். பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தபோது, வானமும் பூமியுமே தமக்கு வீடு, இந்த அறைதான் தம் கால்சட்டை, அதற்குள் நீங்கள் ஏன் நுழைந்தீர்கள் என்ற பொருளில் மடக்கினாராம். சடங்கு நூல் கற்ற அரசவையின் போலி ஒழுக்கத்தைச் சகிக்காத படித்தவர்களுக்கு, ஆடையைத் தளர்த்துவது ஒரு வாதம். இந்த மரபின் கம்பீரமான சாட்சி பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் கூ ஹோங்ஜோங் வரைந்ததாகச் சொல்லப்படும் 'ஹான் சீசாயின் இரவு விருந்து' என்ற நெடுஞ்சுருள் ஓவியம் அது. அமைச்சர் ஹான் சீசாய் இரவில் என்ன செய்கிறார் என்று வேவு பார்த்து வரும்படி அரசன் ஓவியரை அனுப்பியதாகக் கதை. ஓவியத்தின் ஒரு காட்சியில் அமைச்சர் அங்கியைத் திறந்துவிட்டு, நெஞ்சும் வயிறும் தெரிய நாற்காலியில் அமர்ந்து, கையில் விசிறியோடு பெண்கள் குழல் வாசிப்பதைக் கேட்கிறார். முக்காலிக்குப் பதில் நாற்காலி, சதுரங்கத்துக்குப் பதில் இசை. மற்றபடி ஆள் அவரேதான்.

நடுவே இந்தியாவிலிருந்தும் ஒரு தோள் வந்து சேர்ந்தது. பௌத்தத் துறவிகள் வலது தோளைத் திறந்து சீவரம் உடுத்தும் வழக்கம் சீனத்தில் பெரிய தகராறாயிற்று. திறந்த உடல் அங்கே தண்டனைக்கும் துக்கத்துக்கும் உரிய கோலம். மரியாதையின் அடையாளமாக அதை ஏற்பது எப்படி? ஹே வூஜி என்ற தளபதி இதைக் கேள்வி கேட்க, லூ மலையில் வாழ்ந்த பேராசான் ஹுய்யுவான், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துறவியரின் திறந்த தோளை ஆதரித்துத் தனி நூலே எழுதினார். தத்துவத்தில் வென்ற பௌத்தம் உடையில் விட்டுக்கொடுத்தது. சீனத் துறவிகள் காலப்போக்கில் கையுள்ள அங்கியை உள்ளே அணிந்து, அதன்மேல் சீவரத்தைப் போர்த்தலானார்கள். ஆனால் கோயில் வாசலில் அவர்கள் வைத்த வருங்காலப் புத்தரான மைத்ரேயர், பெரிய தொப்பையைத் திறந்து போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். அவரிடம் சட்டை போடச் சொன்னவர் எவருமில்லை.

இந்த வரிசையில் யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று கவனியுங்கள். பிரபு வீட்டு இளைஞன் வயிற்றைத் திறந்தால் அது மேதைமை. அமைச்சர் திறந்தால் அரசியல். கடவுள் திறந்தால் மங்கலம். படகு இழுத்தவனும் மூட்டை தூக்கியவனும் ரிக்‌ஷா இழுத்தவனும் காலங்காலமாக வெற்று முதுகோடுதான் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கதை எழுத அதிகம் பேருக்குத் தோன்றவில்லை. 1930களில் பெய்ஜிங்கின் மண்ணின் மைந்தர் லாவ் ஷே, ஒரு ரிக்‌ஷாக்காரனைத் தலைமகனாக்கி 'ஒட்டகம் சியாங்சி' நாவலை எழுதினார். கோடை வெயிலும் உடனே கொட்டும் மழையும் அந்த உடம்பை என்ன செய்தன என்று ஒரு முழு அத்தியாயம் சொல்கிறது. சீனப் பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்ற பகுதி அது.

அதே பத்தாண்டில் அரசும் அந்த உடம்பைக் கவனிக்கத் தொடங்கியது. சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்சென் 1924இல் ஆற்றிய சொற்பொழிவுகளிலேயே, வெளிநாட்டார் முன் சீனர்கள் எச்சில் துப்புவதையும் நகம் வளர்ப்பதையும் வருத்தத்தோடு எடுத்துக்காட்டியிருந்தார். 1934 பிப்ரவரியில் அன்றைய ஆட்சித் தலைவர் சியாங் கை-ஷெக் நான்சாங் நகரில் 'புதுவாழ்வு இயக்கம்' தொடங்கினார். சட்டைப் பொத்தானை முழுதும் போடு, தொப்பியை நேராக வை, துப்பாதே என்று விதிகள் இறங்கின. பலவீனமான நாடு பொத்தான் போட்டால் பலப்படும் என்ற நம்பிக்கை.

அவரைத் தோற்கடித்த மாவோவோ உடம்பு விஷயத்தில் எதிர்த் துருவம். மாணவராக இருந்தபோது நண்பர்களோடு சட்டையைக் கழற்றி வெயிலிலும் மழையிலும் நிற்பதை 'வெயில் குளியல்', 'மழைக் குளியல்' என்று பெயரிட்டுப் பயின்றதாக அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்நோவிடம் அவரே சொன்னார். 1936இல், ஒரு வெக்கையான நாளில், தளபதி லின் பியாவின் அறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கால்சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரிலிருந்த வரைபடத்தை ஆராய்ந்ததை ஸ்நோ நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 1958இல் சோவியத் தலைவர் குருஷ்சேவை மாவோ நீச்சல் குளத்தில் வைத்தே சந்தித்தார். ஹூனான் விவசாயியின் மகன் ஆட்சிக்கு வந்த நாட்டில், தொழிலாளியின் வெற்றுத் தோளைக் குறை சொல்ல அன்று யாருக்கும் துணிவில்லை.

திருப்பம் 2001 ஜூலை 13 அன்று வந்தது. 2008 ஒலிம்பிக் பெய்ஜிங்குக்கு என்று மாஸ்கோவில் அறிவித்தார்கள். உலகம் வீட்டுக்கு வரப்போகிறது. வாசலில் சட்டையில்லாமல் பெரிசு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டே பெய்ஜிங் நாளிதழ் ஒன்று, தெருவில் வெற்றுடம்போடு திரிபவர்களின் படங்களை வெளியிட்டு வெட்கப்படுத்த முயன்றது. பெரியவர்கள் பெரிதாக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மாநகரின் 'ஆன்மிக நாகரிக' அலுவலகம் களத்தில் இறங்கியது. 2007 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி வரிசையில் நிற்கும் நாள் ஆனது. 11 என்ற எண் ஒருவர் பின் ஒருவர் நிற்பதுபோல் இருக்கிறதாம். துப்புபவர்களுக்கு அபராதம் வந்தது. கறுப்புக் காலணிக்கு வெள்ளைக் காலுறை ஆகாது, மூன்று நிறத்துக்கு மேல் உடுத்தாதீர் என்று கூட வீடுவீடாகக் கையேடு போனது.

ஷாங்காய்க்கு வேறு தலைவலி. அங்கே தெருவுக்கு வந்தது பைஜாமா. சந்து வீடுகளின் நெருக்கடி அதே கதைதான். காய்கறி வாங்கவும் பால் வாங்கவும் இரவு உடையோடு போவது வழக்கம். 2010 உலகக் கண்காட்சிக்கு முன், பைஜாமாவோடு வாசல் தாண்டாதீர்கள் என்ற முழக்கத்தோடு தொண்டர்கள் குடியிருப்பு வாசல்களில் நின்றார்கள். 2020 ஜனவரியில் அன்ஹுய் மாகாணத்தின் சூஜோ நகர நிர்வாகம் ஒரு படி மேலே போய், பைஜாமாவில் நடந்த ஏழு பேரின் கண்காணிப்புக் கேமரா படங்களைப் பெயர் விவரங்களோடு இணையத்தில் போட்டது. இந்தத் தடவை மக்கள் பொங்கினார்கள். பைஜாமா அநாகரிகமா, ஒருவருடைய அடையாளத்தை ஊருக்குக் காட்டுவது அநாகரிகமா என்று கேட்டார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

தொப்பைக்கு அப்படி ஆதரவு கிடைக்கவில்லை. 2019 கோடையில், ஊற்றுகளுக்குப் பெயர்போன ஷாண்டோங் மாகாணத் தலைநகர் ஜீனான், சட்டை கழற்றுவதையும் பனியன் சுருட்டுவதையும் ஊற்றுக் குளங்களில் கால் நனைப்பதையும் ஒரே அறிக்கையில் தடை செய்தது. அதே ஆண்டு தியான்ஜினில் பல்பொருள் அங்காடிக்குள் வெற்றுடம்போடு நடந்த ஒருவருக்கு 50 யுவான் அபராதம். பெய்ஜிங் மறு ஆண்டு சேர்ந்துகொண்டது. நகரத்து இளைஞர்கள் பலருக்கு இதில் வருத்தமில்லை. உணவகத்தில் பக்கத்து மேசையில் வியர்வை வடியும் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட யாருக்குப் பிடிக்கும்? பெண்களின் கேள்வி இன்னும் கூர்மையானது. வெயில் எல்லோருக்கும் பொது. கழற்றும் உரிமை மட்டும் ஏன் ஆண்களுக்கு?

பெண்களின் கோடை எதிர்த்திசையில் போவதைப் பார்க்கச் சிங்தாவ் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே 2004 வாக்கில் ஜாங் ஷிஃபான் என்ற முன்னாள் கணக்காளர், தலை முதல் கழுத்து வரை இறுக மூடி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் துளைவிட்ட நீச்சல் முகமூடியை உருவாக்கினார். 'ஃபேஸ்கினி' என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. வயல் வெயிலில் கறுத்த முகம் ஏழ்மையின் அடையாளம் என்ற பழைய நினைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஒரே வெயிலுக்கு ஒரே நாட்டில், கணவர் தொப்பையைத் திறக்கிறார். மனைவி முகத்தை மூடுகிறார்.

இதற்கிடையே வெயில் ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஆகஸ்ட் 18 அன்று சோங்சிங்கின் பெய்பெய் வட்டாரத்தில் 45 டிகிரி. 2023 ஜூன் 22 அன்று பெய்ஜிங்கில் 41.1 டிகிரி, அன்று தொடங்கி அடுத்தடுத்து மூன்று நாள் 40ஐத் தாண்டியது அந்த நகரின் வானிலைப் பதிவிலேயே முதல் தடவை. மூன்று வாரம் கழித்து, சின்ஜியாங்கின் துர்ஃபான் பள்ளத்தாக்கில் உள்ள சான்பாவில் 52.2 டிகிரி என்று சீனத்தின் புதிய உச்சம் பதிவாயிற்று.

வெயிலில் உழைப்பவருக்குச் சீனத்தில் விதி இல்லாமல் இல்லை. 2012இல் வந்த தேசிய விதிப்படி, 40 டிகிரியைத் தொட்டால் அன்று வெளிவேலையை நிறுத்த வேண்டும். 37 முதல் 40 வரை என்றால் மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வேலை வாங்கக் கூடாது. மிகக் கடுமையான மூன்று மணி நேரம் அறவே கூடாது. 35ஐத் தாண்டினால் வெக்கைப்படி கொடுக்க வேண்டும். முதலாளி இன்னார், தொழிலாளி இன்னார் என்று தாளில் எழுதியிருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

மதிய வெயிலில் பெய்ஜிங் தெருவில் இன்று அதிகம் தென்படுபவர் பாங் யே அல்ல. அவர் வயதாகி, நிழலில், தன் நேரம் தன் கையில் இருக்க உட்கார்ந்திருக்கிறார். சாலையில் விரைபவர்கள் பளிச்சென்ற நிறச் சட்டை போட்ட உணவு விநியோக இளைஞர்கள். கிராமத்திலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் வந்தவர்கள். தலையில் கவசம், உடம்பில் நிறுவனத்தின் பெயர் எழுதிய சீருடை. வெளியே கால் வைக்க முடியாத நாளில்தான் சாப்பாட்டு ஆர்டர்கள் குவியும், செயலியின் கடிகாரமும் ஓடும். பலருக்கு நேரடி வேலை ஒப்பந்தம் இல்லாததால் 2012 விதி தரும் வெக்கைப்படியும் ஓய்வும் அவர்களை எட்டுவது எளிதல்ல. நாகரிக விதிமுறையின் கண்ணில் அவர்கள் உடையில் ஒரு குறையும் கிடையாது. கழுத்து வரை ஜிப் ஏற்றியிருக்கிறார்கள். சீனத்தில் கோடையையும் உடம்பையும் பற்றிய அடுத்த வாக்குவாதம் இவர்களைப் பற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சீருடைக்குள் இருப்பவருக்கு வெக்கைப்படி கொடுக்க வேண்டியவர் யார் என்பதே அங்கே கேள்வி.